மேலப்பாளையமும் ஒரு ஃபார்வர்டும்: 2020 ஏப்ரலில் நம் குரூப்புகளில் நடந்தது என்ன?

2020 மார்ச் 31, செவ்வாய்க்கிழமை. வேறு எந்த வருஷமாக இருந்தாலும் மேலப்பாளையத்துக்கு அது சந்தை நாள். ஆடு, மாடு ஏற்றிய வண்டிகள் அதிகாலையிலேயே வந்து நிற்கும். விலை பேசும் சத்தம் தெருமுனை வரை கேட்கும். அந்தச் செவ்வாய்க்கிழமை சந்தை இல்லை. ஊரடங்கு தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது.

அன்று சுகாதாரத் துறை சொன்ன கணக்கு இது: தமிழ்நாட்டில் புதிதாக 57 பேருக்கு கொரோனா, மொத்தம் 124. புதியவர்களில் பெரும்பாலோர் மார்ச் நடுவில் டெல்லி நிஜாமுதீனில் நடந்த தப்லீக் ஜமாஅத் மாநாட்டுக்குப் போய் வந்தவர்கள். திருநெல்வேலி மாவட்டத்தில் மட்டும் 22 பேர். அவர்களில் பெரும்பாலோருக்கு ஊர் மேலப்பாளையம்.

ஊருக்குள் நுழையும் சாலைகளில் தடுப்புகள் வந்தன. தறி நெய்கிறவர்களும், பீடி சுற்றும் பெண்களும், ஜங்ஷனிலும் டவுனிலும் கடைகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுமாக வாழும் ஊர் அது. லட்சம் பேருக்கு மேல் இருக்கும் அந்தப் பகுதி வெளியே வர முடியாமல் அடைபட்டது. தொற்று உள்ள இடத்தை அடைப்பது மருத்துவ நடைமுறை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாநாட்டுக்குப் போனவர்கள் தாங்களாக வந்து பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று அரசு கேட்டதும் நியாயமானதே.

ஆனால், அதே வாரத்தில் வேறொன்றும் நடந்தது. தடுப்புக் கட்டைக்கு வெளியே இருந்த போன்களில்.

கையில் வந்த மூன்று வீடியோக்கள்

அந்த நாட்களில் வாட்ஸ்அப் வைத்திருந்த எல்லோரும் இவற்றில் ஒன்றையாவது பார்த்திருப்பார்கள்.

முதலாவது, தொப்பி அணிந்த சிலர் வரிசையாக உட்கார்ந்து தட்டையும் ஸ்பூனையும் நாக்கால் வழிக்கும் காட்சி. ‘வைரஸைப் பரப்பத்தான் இப்படிச் செய்கிறார்கள்’ என்று குறிப்பு. உண்மையில் அது கொரோனா என்ற பெயரே உலகத்துக்குத் தெரியாத காலத்துப் பழைய வீடியோ. சாப்பாட்டை ஒரு பருக்கைகூட வீணாக்கக் கூடாது என்பது போரா முஸ்லிம்களின் வழக்கம். அதைத்தான் அவர்கள் செய்கிறார்கள்.

இரண்டாவது, போலீஸ்காரர் மீது ஒருவர் எச்சில் துப்புவது. ‘டெல்லி மாநாட்டுக்காரர்’ என்று குறிப்பு. அது பிப்ரவரியில் மும்பைப் பக்கம் ஒரு விசாரணைக் கைதி தன்னை அழைத்துப் போன போலீஸாரோடு தகராறு செய்தபோது எடுத்தது. மாநாட்டுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை.

மூன்றாவது, தள்ளுவண்டியில் பழம் விற்கும் முதியவர் விரலை நாக்கில் தொட்டுப் பழத்தை அடுக்குகிறார். மத்தியப் பிரதேசத்தில் ராய்சேன் என்ற ஊரில், இதுவும் பிப்ரவரியில் எடுத்ததுதான். அவருக்கு மனநலப் பிரச்னை இருக்கிறது, நோட்டு எண்ணுவதுபோல விரலை ஈரம் செய்யும் பழக்கம் உண்டு என்று அவருடைய குடும்பத்தார் சொன்னார்கள். வீடியோ பரவிய பிறகு அவர் மீது வழக்குப் பதிவானது.

மூன்றுமே மாநாட்டுக்கும் ஊரடங்குக்கும் முன்னால் எடுத்தவை. மூன்றுமே ஏப்ரல் முதல் வாரத்தில் ‘நேற்று நடந்தது’ என்று வந்தன. ட்விட்டரில் ‘கொரோனா ஜிஹாத்’ என்ற ஹேஷ்டேக் மார்ச் 28-க்குப் பிறகான ஒரு வாரத்துக்குள் ஏறக்குறைய 3 லட்சம் முறை எழுதப்பட்டது, 16.5 கோடி பேர் பார்த்திருக்கக்கூடும் என்று ஈக்வாலிட்டி லேப்ஸ் அமைப்பின் கணக்கை வைத்து ‘டைம்’ பத்திரிகை எழுதியது.

ட்விட்டர் ஊர் பேர் தெரியாதவர்களின் கூட்டம். அங்கே திட்டுகிறவர் யாரோ, வாங்குகிறவர் யாரோ. வாட்ஸ்அப் குரூப் அப்படியில்லை.

தெரிந்தவர்கள் போட்ட சண்டை

இணையத்தில் மனிதர்கள் ஏன் இவ்வளவு கடுமையாகப் பேசுகிறார்கள் என்பதற்கு உளவியலாளர் ஜான் சுலர் 2004-ல் ஒரு விளக்கம் எழுதினார். முகம் தெரிவதில்லை, பெயர் தெரிவதில்லை, எதிரில் இருப்பவரின் கண் தெரிவதில்லை. அதனால் நேரில் இருக்கும் கூச்சம் விலகிவிடுகிறது என்பது அதன் சாரம். இன்றும் பலர் எடுத்துக்காட்டும் விளக்கம்.

திருநெல்வேலியில் ஒரு பழைய மாணவர் குரூப்புக்கு இதில் பாதிதான் பொருந்தும். பாளையங்கோட்டை பள்ளி, கல்லூரிகளுக்குப் பேர் போன ஊர். மேலப்பாளையம், சமாதானபுரம், வண்ணார்பேட்டை, டவுன், பேட்டை என்று எல்லாப் பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தார்கள். இருபது, முப்பது வருஷம் கழித்து குரூப் தொடங்கினார்கள். அதில் பெயரும் தெரியும், முகமும் தெரியும், யாருடைய வீட்டு நோன்புக் கஞ்சி எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியும். பெருநாளுக்கு இங்கிருந்து பிரியாணி போகும். தீபாவளிக்கு அங்கிருந்து முறுக்கு வரும்.

அப்படி ஒரு குரூப்பைக் கற்பனை செய்துகொள்வோம். மொத்தம் 180 பேர். அதில் முப்பது பேர் மேலப்பாளையத்துக்காரர்கள். காலை 7 மணிக்கு ஒருவர் அந்தத் தட்டு வீடியோவைப் போடுகிறார். அவர் எழுதியது ஒரு எழுத்துகூட இல்லை. வந்ததை அனுப்பினார், அவ்வளவுதான். கீழே இரண்டு பேர் கோப முகம் போடுகிறார்கள். ஒருவர் ‘இவங்களால்தான் நமக்கு இந்தக் கதி’ என்கிறார். கொஞ்ச நேரத்தில் மேலப்பாளையத்து நண்பர் ஒருவர், ‘இது பழைய வீடியோ, போட வேண்டாம்’ என்கிறார். பதில் வருகிறது: ‘உன்னைச் சொல்லலை நண்பா, நீ நல்லவன்.’

இந்த வாக்கியத்தை எழுதியவர் சமாதானமாகத்தான் எழுதியிருப்பார். படித்தவருக்கு அது சமாதானமாக இருந்திருக்காது. ‘நீ நல்லவன்’ என்றால் உன் தெருவில் இருப்பவர்கள்? உன் வாப்பா? ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி வார்டில் படுத்திருக்கும் உன் மாமா?

அதற்குப் பிறகு பேச்சு வீடியோவைப் பற்றியதாக இருக்காது. ‘நீ ஏன் அவங்களைக் கண்டிக்கலை?’ என்று ஒருவர். ‘நீ உங்க ஆட்களைக் கண்டிச்சியா?’ என்று இன்னொருவர். ஒருவர் பத்து வருஷத்துக்கு முந்தைய ஏதோ ஒன்றை எடுப்பார். நடுவில் ஒருவர் விவரம் தெரியாமல் ‘இனிய காலை வணக்கம்’ ரோஜாப்பூ போடுவார். (எந்தப் போர்க்களத்திலும் இந்த ரோஜாப்பூ வந்தே தீரும்.) கடைசியில் ஒரு சாம்பல் நிற வரி: இன்னார் ‘வெளியேறினார்’.

கற்பனை என்று சொன்னாலும், அந்த ஏப்ரலில் கையில் போன் வைத்திருந்த பலருக்கு இது பார்த்த காட்சிதான். குடும்ப குரூப்பிலும் அபார்ட்மென்ட் குரூப்பிலும் ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் மட்டும் மாறியிருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது சண்டை போட்ட ஐந்தாறு பேரை அல்ல. மிச்சம் 170 பேர் இருக்கிறார்களே, அவர்களை. வெளியேறியவர் போனை மூடியபோது நினைத்துக்கொண்டது வீடியோ போட்டவரைப் பற்றியதாக இருந்திருக்க வாய்ப்பில்லை. ‘இத்தனை பேர் படித்தார்கள், நீல டிக் காட்டியது, ஒருவன்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லையே’ என்பதாகத்தான் இருந்திருக்கும். அந்த 170 பேரில் பலருக்கு வீடியோ பிடிக்கவில்லை என்பதும் உண்மை. ‘நமக்கெதுக்கு வம்பு’ என்று இருந்துவிட்டார்கள். டீக்கடையாக இருந்தால் முகத்தைச் சுளித்ததாவது தெரிந்திருக்கும். கடைக்காரர், ‘ஏலே, விடுங்கலே, டீ ஆறுது’ என்று நடுவில் நுழைந்திருப்பார். குரூப்பில் முகச்சுளிப்பு தெரிவதில்லை. அங்கே மௌனம் சம்மதமாகத்தான் போய்ச் சேரும்.

ஏப்ரல் 4 முதல் 8 வரை

நிலைமை எவ்வளவு கெட்டுப்போனது என்பதற்கு அந்த ஐந்து நாட்களே சாட்சி. ஏப்ரல் 4-ம் தேதி முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, நோய்க்கு மதச்சாயம் பூச வேண்டாம் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார். தமிழக சுகாதாரத் துறையின் தினசரி அறிவிப்பில் மாநாட்டின் பெயர் போய், ‘ஒரே இடத்திலிருந்து வந்த தொற்று’ என்ற சொல் வந்தது. ஏப்ரல் 6-ம் தேதி ஜெனீவாவில் இந்தியாவைப் பற்றிக் கேட்டபோது, நோயாளிகளை மதத்தை வைத்துப் பிரித்துப் பேசுவது உதவாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் மைக் ரயான் சொன்னார். 8-ம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம், எந்தச் சமூகத்தின் மீதும், எந்தப் பகுதியின் மீதும் பழி போடக் கூடாது என்று அறிவுறுத்தியது.

இது வெறும் நாகரிகம் சம்பந்தப்பட்டது அல்ல. ‘மேலப்பாளையமா?’ என்று கேட்டுவிட்டு இரண்டடி தள்ளி நிற்கும் ஊரில், காய்ச்சல் வந்தவர் அதை வெளியே சொல்வாரா? சொல்லாதவரிடமிருந்து அடுத்த வீட்டுக்கு நோய் போவதை எந்தத் தடுப்புக் கட்டை நிறுத்தும்?

இடையில் 7-ம் தேதி வாட்ஸ்அப் நிறுவனமும் ஒரு முடிவெடுத்தது. இந்தியாவில் வதந்தியால் நடந்த கும்பல் கொலைகளுக்குப் பிறகு, 2018-லேயே ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ ஐந்து குரூப்புக்கோதான் அனுப்ப முடியும் என்று கட்டுப்படுத்தியிருந்தார்கள். அன்று ஒரு குரூப்பில் 256 பேர் வரை இருக்கலாம். ஐந்து குரூப் என்றால் ஒரே தட்டில் 1,280 பேர். கட்டுப்பாட்டுக்குப் பிறகும் அவ்வளவு! 2020 ஏப்ரல் 7 முதல், பலமுறை கைமாறி வந்த செய்தியை, அதாவது இரட்டை அம்புக்குறியோடு வருவதை, ஒரு நேரத்தில் ஒரு இடத்துக்கு மட்டும்தான் அனுப்ப முடியும் என்றார்கள். அப்படிப்பட்ட ஃபார்வர்டுகள் 70 சதவிகிதம் குறைந்துவிட்டதாக அந்த நிறுவனமே பிறகு சொன்னது.

யோசித்துப் பார்த்தால் இது வேடிக்கையான விஷயம். யாருடைய மனதும் அந்த ஒரு மாதத்தில் மாறிவிடவில்லை. ஐந்து தடவை விரலால் தட்ட வேண்டும் என்றதும் பாதிப் பேருக்கு மேல் அனுப்பவில்லை. அவ்வளவு அக்கறைதான் அந்தச் செய்தியின் மீது இருந்திருக்கிறது.

விரல் அடுத்தடுத்து யார் பக்கம் திரும்பியது?

மேலப்பாளையம் பக்கம் நீண்ட விரல் அங்கேயே நிற்கவில்லை.

ஏப்ரல் 19-ம் தேதி சென்னையில் நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவால் இறந்தார். சடலத்தைப் புதைத்தால் நோய் பரவும் என்று நம்பிய கூட்டம் ஆம்புலன்ஸ் மீது கல்லெறிந்தது. உடன் வந்தவர்கள் அடிபட்டார்கள். சக மருத்துவர் ஒருவர் மண்வெட்டி பிடித்து அவரைப் புதைக்க வேண்டியதாயிற்று. மே மாதம் கோயம்பேடு. காய்கறி ஏற்றி இறக்கியவர்கள் ஊர் திரும்பியபோது அவர்கள் ‘கோயம்பேடு கேஸ்’ ஆனார்கள்.

பிறகு நெல்லைக்கே வந்தது. மும்பையிலும் மகாராஷ்டிராவின் பிற ஊர்களிலும் பிழைக்கப் போயிருந்த தென்மாவட்டத்துக்காரர்கள் மே மாதத்தில் திரும்பினார்கள். கங்கைகொண்டான் சோதனைச் சாவடியில் நிறுத்திப் பரிசோதனை செய்தார்கள். அவர்களில் பலருக்குத் தொற்று இருந்தது. இந்த முறை மதம் எதுவும் கிடையாது. எல்லாச் சாதியும் எல்லாத் தெருவும் அதில் இருந்தன. ஜூனில் ‘சென்னையிலிருந்து வந்திருக்காங்களாம்’ என்பதே ஒரு குற்றச்சாட்டாக இருந்தது. ஏப்ரலில் வீடியோ போட்டவரின் அண்ணன் மகனே அந்த வேனில் வந்திறங்கியிருக்கக்கூடும்.

திரும்பி வராத செய்தி

2020 ஜூன் மாதம் மதுரைக் கிளை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், தமிழ்நாட்டில் கைதாகியிருந்த 31 வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை முடித்துவைத்து, அவர்கள் தங்கள் நாட்டுக்குத் திரும்ப வழி செய்தார். ஆகஸ்ட் 21-ம் தேதி மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, 29 வெளிநாட்டவர் மீதான வழக்கை ரத்து செய்தபோது, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டிருக்கிறார்கள் என்றே கருத இடமிருக்கிறது என்றது. 2025 ஜூலை 17-ம் தேதி டெல்லி உயர் நீதிமன்றம், வெளிநாட்டவருக்கு இடம் கொடுத்ததாகக் குற்றம்சாட்டப்பட்ட 70 இந்தியர்கள் மீதான 16 குற்றப்பத்திரிகைகளையும் ரத்து செய்தது. இடையில், குணமான ஜமாஅத்தினர் பலர் மற்ற நோயாளிகளுக்காக பிளாஸ்மா கொடுத்த செய்தியும் வந்தது.

தட்டு வீடியோ வந்த எத்தனை குரூப்புகளுக்கு இவையும் வந்தன?

பொய் முந்திக்கொள்ளும் என்பதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ட்விட்டர் ஆய்வில், உண்மைச் செய்தி 1,500 பேரைச் சென்றடைய, பொய்ச் செய்தியைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு நேரம் எடுத்துக்கொண்டது. ஜமாஅத் விஷயத்தில் டெல்லித் தீர்ப்பு வந்து சேர ஐந்து வருஷம் ஆகியிருக்கிறது. அதற்குள் குரூப்பில் எல்லோரும் வேறு சண்டைக்குப் போய்விட்டார்கள்.

அடுத்த முறை வரும்போது

வரும். கொரோனா இல்லாவிட்டால் தேர்தல், சினிமா, சாதி, கோயில், பக்கத்து வீட்டு நாய் என்று ஏதாவது ஒன்று காரணமாகும். அப்போது குரூப்பில் உட்கார்ந்திருக்கும் சாதாரண ஆள் என்ன செய்ய முடியும்?

பெரிய வாதம் தேவையில்லை. லெட்டிசியா போடே, எமிலி வ்ராகா என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் பல வருஷமாக இதையே ஆராய்ந்து வருகிறார்கள். தவறான தகவலுக்குக் கீழே ஒருவர் திருத்தம் போட்டால், அதை எழுதியவர் மாறுவாரா என்பது ஒருபுறம் இருக்கட்டும். சும்மா படித்துக்கொண்டிருப்பவர்களிடம் அந்தத் தவறான நம்பிக்கை குறைகிறது என்பது அவர்களின் முடிவு. அந்த 170 பேருக்காகத்தான் ஒரு வரி எழுத வேண்டியிருக்கிறது. அதை மேலப்பாளையத்து நண்பர் எழுதுவதைவிட, டவுன்காரரோ வண்ணார்பேட்டைக்காரரோ எழுதினால் இன்னும் நன்றாக எடுபடும். அவருக்கு இதில் சொந்தக் காயம் கிடையாது என்று எல்லோருக்கும் தெரியும்.

எப்படி எழுதுவது என்பதும் இருக்கிறது. ‘ஃபேக் நியூஸ் போடாதே, மூளை இருக்கா?’ என்றால் போட்டவர் தன் மானத்தைக் காப்பாற்ற இன்னும் நாலு வீடியோ தேடுவார். வயதில் மூத்தவராக இருந்தால் கேட்கவே வேண்டாம். ‘இது ஒங்களுக்கு எங்கேருந்து வந்துச்சு அண்ணாச்சி? பழைய வீடியோன்னு சொல்றாங்களே’ என்று கேட்டால், அவர் பின்வாங்க ஒரு வாசல் திறந்திருக்கிறது. அதைவிட நல்லது, குரூப்புக்கு வெளியே ஒரு போன். நூறு பேர் பார்க்க ஒத்துக்கொள்ளாதவர், தனியாகப் பேசும்போது ‘அப்படியா? தெரியாம அனுப்பிட்டேன், அழிச்சிடுறேன்’ என்று சொல்லிவிடுவதுண்டு.

வந்ததை அனுப்பினேன், நானா எழுதினேன் என்ற சமாதானத்தை இப்போது நீதிமன்றமும் ஏற்பதில்லை. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய ஒரு ஃபேஸ்புக் பதிவை 2018-ல் பகிர்ந்த நடிகர் எஸ்.வி.சேகர், படிக்காமல் பகிர்ந்துவிட்டேன், அழித்துவிட்டேன், மன்னிப்பும் கேட்டேன் என்றார். 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், அனுப்பிய செய்தி வில்லிலிருந்து விட்ட அம்பு மாதிரி என்றார். கையில் இருக்கும் வரைதான் அது நம் வசம். விட்ட பிறகு விளைவுக்கும் நாமே பொறுப்பு. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. குரூப் அட்மின்களுக்கு ஒரு ஆறுதல்: 2021 டிசம்பரில் மதுரைக் கிளை, வேறெதுவும் செய்யாமல் வெறும் அட்மினாக மட்டும் இருந்த ஒருவரைக் குற்றப்பத்திரிகையில் சேர்க்க வேண்டாம் என்று போலீஸுக்குச் சொல்லியிருக்கிறது. சட்டம் அவரை விட்டுவிடலாம். தன் குரூப்பிலிருந்து ஒருவர் ஏன் போனார் என்று விசாரிக்க வேண்டிய முறை அவருக்கு இருக்கத்தானே செய்கிறது?

2022-ல் வாட்ஸ்அப் ஒரு வசதி கொண்டுவந்தது. இப்போது ஒருவர் குரூப்பைவிட்டுப் போனால் அந்தச் சாம்பல் நிற வரி எல்லோர் கண்ணிலும் படாது. அட்மினுக்கு மட்டும் தெரியும். யார் யார் போனார்கள் என்ற பட்டியலும் 60 நாள்தான் இருக்கும். 2020 ஏப்ரலில் போனவர்களை அதில் தேடிப் பயனில்லை. போன் புத்தகத்தில் தேடினால் எண் இருக்கும், அநேகமாக அதே எண்தான்.